கழுதைக்கு வாய் வரைந்த அக்கா

எங்க ஸ்டுடியோவுல அவங்களுக்குப் பேரு உதட்டக்கா. வச்சது நான்தான். கார்ட்டூன் படத்துல சிங்கம் பேசினாலும் சோப்பு டப்பா பேசினாலும், அந்தப் பேச்சுக்குத் தகுந்த மாதிரி வாயை அசைய வைக்கிறது அவங்க வேலை. நான் பக்கத்து மேஜை. மரம், வானம், சுவர்னு பின்னணி வரையறவன். என்னை எல்லாரும் சிடுமூஞ்சின்னு சொல்வாங்க. சொல்லிட்டுப் போகட்டும்.

அக்கா வேலை செய்யறதை முதல் தடவை பார்க்கறவங்க பயந்துடுவாங்க. படம் வரையறதுக்கு முன்னாடியே குரல் பதிவாகிடும். அதை ஹெட்போன்ல கேட்டுக்கிட்டே, மேஜை மேல இருக்கற கண்ணாடியைப் பார்த்து அதே வசனத்தைச் சத்தமில்லாம சொல்வாங்க. திரும்பத் திரும்பச் சொல்வாங்க. உதடு எங்க ஒட்டுது, எங்க குவியுது, பல்லு எப்போ தெரியுதுன்னு பார்த்துப் பார்த்து வரைவாங்க. "என்னக்கா, கண்ணாடிகிட்ட யாரைத் திட்டறீங்க?"ன்னு கேட்டா, "உன்னைத்தான்டா, வேற யாரை"ம்பாங்க.

அவங்களுக்கு ஒரே பொண்ணு, ஏழு வயசு. காது நல்லாவே கேட்கும். பேச்சுதான் வரலை. பார்க்காத டாக்டர் இல்லை. அதுக்காகப் பாவம்னு நினைச்சுடாதீங்க, சரியான வாலு. கையாலயே அத்தனையும் பேசிடுவா, சண்டை கூடப் போடுவா. பள்ளிக்கூடம் லீவுன்னா ஸ்டுடியோவுக்கு வந்துடுவா. நான் பூசின வானத்தைப் பார்த்து மூக்கைப் பிடிச்சுக் காட்டுவா. அவ கை பாஷை எனக்கும் பழகிப்போச்சு. பாதி திட்டு எனக்குத்தானே வரும்!

அப்பத்தான் ஒரு கழுதைப் படப் புத்தகம் எங்க ஸ்டுடியோவுல சினிமாவாகுதுன்னு சேதி வந்துச்சு. நாங்க எல்லாருமே சின்ன வயசுல புரட்டிப் புரட்டிக் கிழிச்ச புத்தகம். நடுரோட்டுல ஒரு கழுதை நிக்குது. காய்கறிக்காரர் திட்டறாரு, பஸ் டிரைவர் ஹார்ன் அடிக்கறாரு, போலீஸ்காரர் கயித்தைக் கட்டி இழுக்கறாரு, மழை கொட்டுது. கழுதை அசையவே இல்லை. திமிர் பிடிச்ச கழுதைன்னு ஊரே ஏசுது. கடைசிப் படத்துலதான் தெரியும், அது வயித்துக்குக் கீழ மழையில நனையாம ஒரு பூனை குட்டி போட்டிருக்குன்னு. அந்தக் கழுதைக்கு வாயே கிடையாது. கண்ணு, காது, மூக்கு, அவ்வளவுதான். வரைஞ்சவர் அப்படியே விட்டுட்டாரு.

அக்கா பொண்ணு அந்தப் புத்தகத்தைத் தலைமாட்டுல வச்சுக்கிட்டுத்தான் தூங்குவா. ஒரு தடவை பார்க்குல ஒரு பையன், "உனக்கு வாய் இல்லையா?"ன்னு கேட்டுட்டான். இவ அழலை. விறுவிறுன்னு வீட்டுக்கு ஓடிப்போய் புத்தகத்தை எடுத்துட்டு வந்து, கழுதையைக் காட்டி, தன்னையும் காட்டினாளாம். "அதுக்கு ஒரு குறையும் இல்லடி. அது அப்படித்தான், உன்னை மாதிரி"ன்னு அக்கா சொல்லிச் சொல்லி வளர்த்த பிள்ளை.

மீட்டிங்ல டைரக்டர், கழுதை பேசியே ஆகணும்னுட்டார். அக்கா எழுந்து நின்னாங்க. அவங்க அப்படி எழுந்து நான் பார்த்ததே இல்லை.

"வேணாம் சார். பேசாம இருக்கறதுதானே கதையே."

"நானும் இந்தப் புத்தகத்தைப் படிச்சு வளர்ந்தவன்தான் மேடம். ரெண்டு மணி நேரம் வாயில்லாத கழுதையை எந்தக் குழந்தை பார்க்கும்?"

பேச்சே இல்லாம கொஞ்ச நேரத்துக்கு ஒரு சாம்பிள் படம் செஞ்சு, பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினாங்க. பாதியில ஒருத்தன் ஒண்ணுக்குப் போகணும்னான். அவ்வளவுதான், கூட்டமா எழுந்து அத்தனையும் போயிடுச்சு. டைரக்டர் அக்காவைப் பார்த்தார். அக்கா தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க.

"என் பொண்ணுக்கு உலகத்துல ஜோடின்னு அது ஒண்ணுதான் சார் இருக்கு. அதையும் பிடுங்கிக்காதீங்க."

"வேற யாரையாவது வரையச் சொல்லட்டுமா?"ன்னு டைரக்டர் மெதுவாக் கேட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டிருப்பேன். அக்கா என் சட்டையைப் பிடிச்சு உட்கார வச்சுட்டாங்க. மறுநாள் வந்து, "கண்டவங்க கண்டபடி வரையறதுக்கு நானே வரைஞ்சுடறேன்"னாங்க.

உயிரைக் கொடுத்து வரைஞ்சாங்க. சாப்பாட்டு வேளையிலயும் கண்ணாடி முன்னாடியேதான். அந்தக் கழுதை பேசறப்போ உங்களுக்கே வெட்கமா இருக்கும், இதையா திட்டினோம்னு. என் மரமும் சுவரும் அதுக்குப் பின்னாடி எடுபடவே இல்லை. பொறாமையாக்கூட இருந்துச்சு.

படம் முடிஞ்சதும் வேலை செஞ்சவங்க குடும்பத்துக்கெல்லாம் போட்டுக் காட்டினாங்க. பொண்ணைக் கூட்டிட்டு வர வேண்டாம்னு நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன். அக்கா கேட்கலை. "எப்படியும் என்னைக்காவது பார்க்கத்தான் போறா. என் பக்கத்துல உட்கார்ந்து பார்க்கட்டும்"னு கூட்டிட்டு வந்துட்டாங்க. எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல உட்கார்ந்தா.

காய்கறிக்காரர் திட்டி முடிச்சாரு. கழுதை வாயைத் திறந்துச்சு. "மன்னிச்சுக்குங்க, இப்ப என்னால நகர முடியாது." தியேட்டர்ல பிள்ளைகள் எல்லாம் கைதட்டினாங்க. எனக்கு அப்பத்தான் உறைச்சுது. உதட்டோட இடது ஓரம் முதல்ல மேல போய், அப்புறம் வாய் திறக்கற அந்த அசைவு அக்காவோடது. அவ்வளவு பெரிய திரையில, கழுதை முகத்துல, அக்கா பேசிக்கிட்டிருந்தாங்க.

பொண்ணு அழலை. திரையைப் பார்த்தா, திரும்பி அம்மா முகத்தைப் பார்த்தா, மறுபடி திரையைப் பார்த்தா. படம் முழுக்க அப்படியேதான்.

விளக்குப் போட்டதும் டைரக்டரே வந்து அவ முன்னாடி குனிஞ்சு, "பிடிச்சுதாடா கண்ணு?"ன்னு கேட்டார். அவ ஆமான்னு பலமாத் தலையை ஆட்டினா. அக்கா கண்ணை மூடிக்கிட்டு ஒரு பெருமூச்சு விட்டாங்க பாருங்க, எனக்கே அப்பாடான்னு இருந்துச்சு.

அப்புறம் அவ அம்மா புடவையைப் பிடிச்சு இழுத்தா. விரலால அம்மா உதட்டைத் தொட்டா. திரையைக் காட்டினா. தன் உதட்டைத் தொட்டு, வெறும் கையை விரிச்சா.

"என்ன சொல்றா?"ன்னு டைரக்டர் சிரிச்சுக்கிட்டே கேட்டார். நான்தான் சொல்ல வேண்டியதாப் போச்சு.

"உன் வாயைக் கழுதைக்குக் கொடுத்துட்டியே, எனக்கு ஏன்மா கொடுக்கலைன்னு கேட்கறா சார்."

டைரக்டர் நிமிர்ந்து அந்தப் பக்கம் போயிட்டார். பொண்ணு மட்டும் பதில் வரும்னு அம்மா வாயையே பார்த்துக்கிட்டு நின்னா.