காய்ந்த மண்ணில் நின்ற ஈயச் சிப்பாய்கள்

நான் கல்யாணமாகி வந்தபோது என் கணவர் பர்மா சண்டையிலிருந்து திரும்பி ஒரு வருஷம் ஆகியிருந்தது. சுசீந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு அரிசி மில்லில் வேலை. சண்டையைப் பற்றி வாயே திறக்கமாட்டார். வரும் வழியில் கல்கத்தாவில் வாங்கிய ஒரு பெட்டி ஈயச் சிப்பாய்கள் அவரிடம் இருந்தன. விரல் உயரம்தான். காலடித் தகடு மெலிசு, நிறுத்தினால் சாயும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவற்றுக்கு அடிப்பீடம் செய்வார்.

காய்ந்த பூவரசங்கம்பை வட்டு வட்டாக அறுத்து, ஓரத்தை அரத்தால் ராவுவார். பொம்மையை அதில் நிறுத்தி, சுற்றிலும் தோலைக் காய்ச்சி எடுத்த வச்சிரப் பசை தடவி மண்ணைத் தூவுவார். பசை கொதிக்கும் நாற்றத்தில் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. சிலவற்றுக்கு மணவாளக்குறிச்சிக் கரிமணல். மேலே வார்னிஷ் பூசினால் நனைந்த ஆற்றங்கரை மாதிரி மினுங்கும். மற்றவற்றுக்கு ஆரல்வாய்மொழிச் செம்மண், அதில் பொடிப்பொடியாக நறுக்கிய வைக்கோல்.

ஒருநாள் உதவி செய்கிறேன் என்று செம்மண் பீடம் ஒன்றுக்கும் வார்னிஷ் பூசிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. கத்தியால் முழுசையும் சுரண்டி எடுத்தார்.

"அது மேடு. அங்க ஈரம் கெடையாது" என்றார். மேலே கேட்க எனக்குத் துணிவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் மீன்கூடையோடு ஒரு அம்மா வாசலில் வந்து நின்றாள். கடற்கரை ஊர்க்காரி. மீன் விற்கப் போன இடத்தில் யாரோ இவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். மகன் பெயரையும் ஊரையும் சொன்னாள்.

"எம் மவன்கூட பட்டாளத்துல இருந்தது நீங்கதானா மக்கா?"

இவர் முகம் வெளுத்துப்போனது. "ஆமாம்மா. உள்ள வாங்க."

அவள் தயங்கினாள். இவரே கூடையை இறக்கி வைத்து அவளை அழைத்து வந்தார்.

"செத்துப்போனாம்னு மட்டுந்தான் சொன்னாவ. எப்பிடி, எங்கன்னு ஒண்ணும் தெரியாது. நீங்க பாத்தியளா?"

இவர் எழுந்து போய்ப் பெட்டியையும் ஒரு பலகையையும் கொண்டு வந்தார். கரிமணல் பீடக்காரர்களைப் பலகையின் கீழ்ப்பக்கம் வரிசையாக நிறுத்தினார். செம்மண் பீடக்காரர்களை மேலே தள்ளி வைத்தார்.

"இது ஆறு. நாங்க இதைத் தாண்டி இந்த மேட்டுல ஏறினோம். இது நான். இது அவன்."

அவள் குனிந்து, இவர் காட்டிய பொம்மையின் காலடி மண்ணை விரலால் தொட்டாள்.

"தண்ணியில கெடக்கலயா?"

"இல்லம்மா. காஞ்ச மண்ணு. நல்ல வெயிலு."

"அவன் அப்பன் கடல்ல போனவரு. உடம்பு கெடைக்கல. இவனும் அப்பிடி எங்கயாம் ஒழுகிப் போயிருப்பானோன்னுதான்..." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, "அடக்கினியளா?" என்று கேட்டாள்.

"நாந்தான் குழி வெட்டினேன். மூங்கில்ல குருசு கட்டி நட்டேன். உங்க ஊரு எனக்குத் தெரியும்மா. வந்து சொல்லத் தைரியம் வரல்ல."

அவள் இவர் தலையில் கை வைத்தாள். இவர் அழுது அன்றுதான் நான் பார்த்தேன்.

அந்தப் பொம்மையை எடுத்துக்கொள்ளச் சொன்னார். "அவன் ஒத்தையில நிக்கவேண்டாம். உங்க கூட்டத்துலயே நிக்கட்டும் மக்கா" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். "மவன் ஒருநாள் வந்திருவாம்னு இத்தனை நாளும் அவன் ஆத்துமாவுக்குப் பூசை வைக்காம இருந்தேன். இனி வைக்கணும். ரெண்டுபேரும் வரணும் மக்ளே."

போனோம். மாதா கோயிலுக்குள் நான் நுழைந்தது அதுதான் முதல் தடவை; எப்போது முழங்காலில் முட்டுப்போட வேண்டும் என்று தெரியாமல் பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். மகன் பெயரைச் சாமியார் வாசித்தபோது அந்த அம்மா நிமிர்ந்து நின்றாள். பிறகு அவள் குடிசையில் சோறும் மீன்குழம்பும் சாப்பிட்டோம். சுற்றி உட்கார்ந்திருந்த சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் கேட்கக் கேட்க, அவன் எப்படிச் சிரிப்பான், ராணுவச் சப்பாத்தியைத் திட்டிக்கொண்டே எத்தனை தின்பான் என்று இவர் சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசி பஸ் போய்விட்டது. யாரும் எங்களைக் கிளம்பச் சொல்லவில்லை.