யாமினியின் நகராத செல்கள்

பாகூர் கண்ணையன் மகள் யாமினிக்கு அந்த வாரம் சோறு இறங்கவில்லை. அவள் புதுச்சேரியில் கணக்கில் ஆராய்ச்சி செய்கிறவள். உடம்பிலிருக்கும் செல்கள் எந்தப் பக்கம், ஏன் நகர்கின்றன என்பதைக் கணக்காக எழுதி, கம்ப்யூட்டரில் ஓடவிட்டுப் பார்க்கும் வேலை. ஒரு பக்கம் மெத்தென்றும் மறுபக்கம் கெட்டியாகவும் இருக்கும் ஜெல்லில் கூட்டமாக விட்டால், அவை கெட்டிப் பக்கமாக ஊர்ந்து போகும். ஆய்வகத்தில் எடுத்த வீடியோவே அவளிடம் இருந்தது. அவள் கணக்கில் மட்டும் நின்ற இடத்திலேயே தத்தளித்தன.

"திங்கட்கிழமைக்குள்ள நகரலைன்னா வேற தலைப்பு எடுத்துக்கலாம், யாமினி," என்று சொல்லிவிட்டார் வழிகாட்டி ஹேமலதா மேடம். இரண்டு வருஷ உழைப்பு அது.

சனிக்கிழமை பாகூரில் அவர்கள் வயலில் நடவு. டீத்தூக்கோடு போனவள் யோசனையில் வரப்பை விட்டுச் சேற்றில் கால் வைத்துவிட்டாள். முழங்கால் வரை இறங்கியது. ஒரு காலை உருவினால் மற்றது புதைந்தது.

"இன்னாடி இது, கம்ப்யூட்டர் பொண்ணு நாத்து மாதிரி நட்டுக்கிச்சு!" என்றாள் நடவு நட வந்திருந்த செல்வகுமாரி.

"டீ கொட்டிடப் போவுது, மொதல்ல டீத்தூக்க வாங்குங்கடி!" என்று கத்தினாள் அம்மா கனகாம்பாள்.

"பெத்த பொண்ண வுட்டுட்டு டீயப் பாக்குது பாரு!" என்று சிரித்தாள் செல்வகுமாரி.

அவளே வந்து யாமினியின் கையைப் பிடித்தாள். இழுத்தால் அவள் காலும் வழுக்கியது. அவளுடைய மறு கையை இன்னொருத்தி பிடிக்க, கனகாம்பாள் வரப்பில் காலை ஊன்றிக் கடைசிக் கையை இழுத்தாள். யாமினி வெளியே வந்தாள். ஒரு செருப்பு வரவில்லை.

அவள் அதைத் தேடவில்லை. சேற்றுக்குள் நின்றபோது எந்தப் பக்கம் கெட்டி என்று அவள் காலுக்குத் தெரியவே இல்லை. எல்லாப் பக்கமும் ஒன்றாகத்தான் இருந்தது. வரப்பை மிதித்தது அம்மா ஒருத்திதான். இழுப்பு கைக்குக் கை வந்து சேர்ந்தது. தன் கணக்கிலோ ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாக விட்டிருந்தாள். வீடியோவில் அவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டல்லவா கிடந்தன!

கால் கழுவிய ஈரம் காயுமுன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, செல்லுக்குச் செல் இழுப்பைச் சேர்த்தாள். முதலில் எல்லாம் ஒரே உருண்டையாகச் சுருண்டன. இழுப்பு அதிகம். குறைத்தாள். கூட்டம் இரு பக்கமும் விரிந்தது. பிறகு மெத்தென்ற பக்கத்து ஓரம் பிடி நழுவ, மொத்தக் கூட்டமும் கெட்டிப் பக்கமாக மெல்ல ஊர்ந்தது.

திங்கட்கிழமை மேடம் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வீடியோவுல இருக்கற வேகத்துல பாதிகூட இல்லையே."

"இல்ல மேடம்."

"ஆனா திசை சரி. தலைப்பை மாத்த வேணாம். வேகம் ஏன் குறையுதுன்னு பாருங்க."

தலையாட்டிவிட்டு எழுந்த யாமினி, வாசல் வரை போய்த் திரும்பி வந்தாள்.

"இன்னும் கெட்டியான ஜெல்லுல ஒரு வீடியோ எடுத்துத் தரச் சொல்லட்டுமா மேடம்?"

"எதுக்கு?"

"மெத்துப் பக்கமும் கெட்டியா இருந்தா பிடி நழுவாது, கூட்டம் நிக்கணும். என் கணக்கு சரியான்னு அதுல தெரிஞ்சிடும் மேடம்," என்று யாமினி பேனாவை எடுத்தாள். மேடம் நாற்காலியைத் தள்ளிப் போட்டு அவளுக்கு இடம் கொடுத்தார்.