பக்கத்து வீட்டு டீச்சரும் முயல் சீரமும்

எழுபதுகளின் நடுவில் சேலையூரில் குடியிருந்தோம். எங்கள் தெருவில் ஃப்ரிட்ஜ் இருந்த ஒரே வீடு எங்களுடையது. அதை வாங்கின பாவத்துக்கு, தெருவில் பாதிப் பேரின் இட்லி மாவும் தயிரும் எங்கள் வீட்டில்தான் கிடக்கும். மனைவி பிரசவத்துக்குத் தாய்வீடு போனதும், இதற்காகவே வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டு டீச்சரிடம் கொடுத்துவைக்க வேண்டியதாயிற்று. எரிச்சலாகத்தான் இருந்தது.

எனக்கு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. ரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு புரதத்தை ரத்தத்தில் கண்டுபிடிக்க, அதை மட்டும் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) தேவைப்பட்டது. எட்டு மாதம் முயல்களுக்கு ஊசி போட்டு, கடியும் வாங்கி, கடைசியில் ஒரே ஒரு முயலின் ரத்தத்திலிருந்து, அந்த எதிர்ப்பொருள் உள்ள உருப்படியான சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) ஒரு சீசா கிடைத்தது. அந்த முயலும் செத்துப்போயிற்று. அந்த நேரம் பார்த்து எங்கள் ஆராய்ச்சிக்கூட ஃப்ரிட்ஜ் படுத்துக்கொண்டது. வேறு வழியில்லாமல் சீசாவை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

டீச்சர் அது என்னவென்று கேட்டார். முயல் ரத்தம் என்றால் முகம் சுளிப்பாரே என்று, "பி.பி. மருந்து, தொடாதீங்க" என்று சொல்லிவைத்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் வீடு திரும்பினால் கரண்ட் இல்லை. ஃப்ரிட்ஜிலிருந்து தண்ணீர் கூடம்வரை ஓடியிருந்தது. உள்ளே டீச்சரின் மாவு உட்பட எல்லாம் பொங்கிப் புளித்துக் கிடந்தன. என் சீசாவை மட்டும் காணோம்.

வந்ததே கோபம்! அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த டீச்சரை வாசலிலேயே மடக்கினேன். "இது என்ன வீடா, சத்திரமா? தொடாதீங்கன்னு தமிழ்லதானே சொன்னேன்?" தெருவே எட்டிப் பார்த்தது. கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல், நான் கத்தி முடிக்கும்வரை அவர் நின்றார்.

"காலையிலயே கரண்ட் போயிடுச்சு சார். நாளைக்குத்தான் வருமாம். மார்க்கெட்ல மீன்காரங்ககிட்ட ஐஸ் வாங்கி, ஃபிளாஸ்க்ல போட்டு, குரோம்பேட்டையில எங்க அண்ணன் வீட்டு ஃப்ரிட்ஜ்ல வெச்சுட்டு வரேன். எங்கம்மா பி.பி.யிலதானே படுத்த படுக்கையா இருக்காங்க? அவங்களை எதிர் வீட்ல பார்த்துக்கச் சொல்லிட்டுப் போனேன். யாரோ இந்த மருந்துக்காகக் காத்துக்கிட்டிருப்பாங்களேன்னு தோணுச்சு."

மன்னிப்புக் கேட்டதாகக்கூட நினைவில்லை. "தேங்க்ஸ்" என்று முணுமுணுத்திருப்பேன், அவ்வளவுதான்.

சீரம் பத்திரமாக ஆராய்ச்சிக்கூடம் போய்ச் சேர்ந்தது. அடுத்த வாரம் டீச்சர், "அந்த பேஷண்டுக்கு இப்ப பரவாயில்லையா சார்?" என்று கேட்டார். "நல்லாயிட்டார்" என்றேன். தெருவே கேட்கக் கத்தத் தெரிந்த எனக்கு, அப்படி ஒரு நோயாளியே இல்லை என்று மெதுவாகச் சொல்லத் தைரியம் வரவில்லையே என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.