செல்லாது என்றார்கள்

கலர் ஜெராக்ஸ் மெஷினில் ரூபாய் நோட்டை வைத்தால் என்ன ஆகும்? நீங்கள் வைத்துப் பார்த்திருக்க மாட்டீர்கள்... நானும்தான். போன ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

மந்தாரக்குப்பம் ஜெராக்ஸ் கடையில் ஆதார் கார்டோடு நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பெண். கையில் மஞ்சள் தடவிய ஐந்நூறு ரூபாய் நோட்டு.

“இத கலர்ல ஒன்னு எடுத்துக் குடுங்கண்ணே.”

கடைக்காரர் பதறினார். “ஏம்மா, என்னை உள்ள தள்ளப் பாக்குறியா?”

அவள் நோட்டைக் காட்டினாள். ஓரத்து வெள்ளையில் பேனா எழுத்து: ‘பர்மனென்ட் ஆனதும் செலவு பண்ணலாம்.’

“எங்க வூட்டுக்காரரு எழுதனதுங்க. நெலக்கரி மைன்ஸ்ல கான்ட்ராக்ட்டு வேல. மொத சம்பளத்துல எடுத்து சாமி படத்தாண்ட வச்சாரு. ஆயிடும் ஆயிடும்னு சொல்லிகினே இருந்தாரு... போன மாசம் நெஞ்சு வலின்னாரு, போயிட்டாரு. அவரு எழுத்துன்னு வேற எதுவுமில்ல. பாப்பாவுக்கு ஜொரம். இதக் குடுத்துத்தான் மருந்து வாங்கணும்.”

நான் பர்ஸை எடுத்தேன். “வேணாங்க சார். கையில காசு இருக்கறப்ப வாங்கக் கூடாது” என்றாள்.

கடைக்காரருக்கு மனசு கேட்கவில்லை. நோட்டை வைத்துப் பட்டனை அழுத்தினார். மெஷின் முனகியது, நின்றது. திரையில் எச்சரிக்கை. நோட்டிலுள்ள நுணுக்கமான குறிகளைப் பார்த்ததும் சில மெஷின்கள் மறுத்துவிடுமாம். எல்லா மெஷினும் இல்லையாம். கள்ள நோட்டு அடிக்கிறவன் வேறு வழி பார்த்துக்கொள்வான் — மாட்டிக்கொண்டது இவள்தான்!

கடைசியில் எழுத்தை மட்டும் விட்டு, மிச்சத்தை வெள்ளைத் தாளால் மறைத்து வைத்தார். வந்தது. நாலே வார்த்தை. அதை மடிக்காமல் பிடித்துக்கொண்டு எதிர் மருந்துக்கடைக்குப் போனாள்.

போன வேகத்தில் திரும்பினாள்.

“எழுதன நோட்டு செல்லாதாம்ணே.”

எனக்குச் சுர்ரென்று வந்தது. எழுதியிருந்தாலும் செல்லும் என்று போய்ச் சண்டை போட்டேன். “நாங்க வாங்கறதில்ல சார், பேங்க்ல மாத்திக்கச் சொல்லுங்க” என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை எந்த பேங்க்?

“என்கிட்ட மாத்திக்கம்மா. நோட்டு அப்படியே இருக்கும், எப்ப வேணும்னாலும் வந்து வாங்கிக்க” என்று என் ஐந்நூறை நீட்டினேன்.

நோட்டிருந்த கையை அவள் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டாள்.

“கடையில செல்லாதது ஒங்ககிட்ட மட்டும் செல்லுமா சார்? இதுவும் தர்மந்தான?”

நகலெடுக்க மறுத்தபோதே அசல் நோட்டு என்று மெஷின் ஒப்புக்கொண்டுவிட்டது... மனுஷர்களிடம்தான் செல்லவில்லை.