ஜபருல்லா மாமா கண்மாயிலிருந்து ஏற்றிய விமானம்

ஜபருல்லா மாமா போய்விட்டார்.

காலையில் லோடு ஏற்றிக்கொண்டு நின்றபோது பள்ளிவாசல் மைக்கில் பெயர் சொன்னார்கள். வேறு யாரோ ஜபருல்லா என்று நினைத்துக் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தேன். "ஏ.சி. மெக்கானிக்" என்றதும் கை நின்றுவிட்டது...

உங்களில் பலர் வீட்டு ஏ.சி.யை அவர் கழற்றி மாட்டியிருப்பார். எனக்கு அவர் பைலட்.

துபாயை முடித்துக்கொண்டு அறந்தாங்கி திரும்பியபோது அவர் கொண்டுவந்தது செண்டு பாட்டில் இல்லை. ரிமோட்டில் பறக்கும் கிளைடர். இறக்கை என் லோடு ஆட்டோவை விட அகலம். முதுகில் ஒரு சின்ன மோட்டார். மேலே ஏறியதும் மோட்டாரை நிறுத்திவிட்டால் பருந்து மாதிரி சத்தமில்லாமல் வட்டமடிக்கும்.

அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வீச வேண்டும். வீசியது யார்? நான்தான். புதுக்கோட்டை மாவட்டத்திலேயே என்னைப் போல் கிளைடர் வீச ஆள் கிடையாது. ஒருமுறை நான் வீசிய வேகத்தில் இலுப்பூர் பக்கம் போய்த் திரும்பி வந்தது. மாமா இருந்தால் சாட்சி சொல்லுவார்...

பிறகு சர்க்கரை அவர் காலில் வந்து நின்றது. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

குளிக்க, வாசலுக்கு வர, தொழுகைக்குப் போக... எல்லாவற்றுக்கும் ஒருத்தரைக் கூப்பிட வேண்டும். வலியைக்கூடத் தாங்கினார், இதைத் தாங்கவில்லை.

"கிளைடரை எடுங்க மாமா. நான் வீசுறேன், விழுந்தா நானே போய் எடுத்துட்டு வாரேன்" என்றேன்.

"வேணாம் மாப்ள. ஆளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு வாயே வலிக்குது. இதையாச்சும் நானா பறக்க விடணும்."

"ஒத்தக் கால வச்சுக்கிட்டு எப்படி மாமா ஓடி வீசுவீங்க?"

"யாரு வீசப்போறா? தண்ணியில இருந்து ஏத்துவோம். கரையில ஒரு சேரு போதும். அதுவா ஓடும், அதுவா ஏறும், திரும்ப எங்கிட்டயே வந்து நிக்கும்."

எனக்குச் சுருக்கென்றது. என் உத்தியோகம் போகிறதே! ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்து யார் வேண்டாம் என்பது...

ஏ.சி. பெட்டிக்குள் வரும் தெர்மாகோலை அறுத்து, படகு மாதிரி இரண்டு மிதவை செய்தார். அடியில் நடுவாக்கில் படிக்கட்டு மாதிரி ஒரு படி வெட்டினார். அது இல்லாவிட்டால் தண்ணீர் பிடித்த பிடியை விடாதாம். ரிமோட் சொல்வதைக் கேட்கிற ரிசீவரை நனையாமல் பலூனுக்குள் போட்டுக் கட்டினார். பலூன் செலக்‌ஷன் அடியேன்.

மழை பெய்து கண்மாய் நிறைந்ததும் அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். கரையில் சேர் போட்டு உட்கார வைத்தேன்.

எழும்பவில்லை.

வால் பக்கம் தண்ணீரில் அமுங்கி, மூக்கைத் தூக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தது. துணி துவைத்த ஒரு அம்மாள் விடவில்லை. "ஏன் பாய், இதுக்கு ஒரு வாத்து வாங்கியிருந்தா முட்டையாச்சும் போட்டிருக்குமே!"

கரையே சிரித்தது. மாமா சிரிக்கவில்லை. இனிமேல் கிளைடரைத் தொடமாட்டார் என்றே நினைத்தேன்.

எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது... திருஷ்டி. புது வண்டி எடுத்தால் முன்னால் எலுமிச்சம்பழம் கட்டாமல் ஓட்டுவோமா? அடுத்த வாரம் வம்படியாக அவரைக் கூட்டிக்கொண்டு போய், நல்ல பெரிய பழமாகப் பச்சை மிளகாயோடு கோத்து விமானத்தின் மூக்கில் கட்டினேன்.

"என்ன மாப்ள இது? பாய் வீட்டு விமானத்துல..."

"திருஷ்டி எல்லாருக்கும் பொதுதான் மாமா. பேசாம ஏத்துங்க."

மோட்டார் இரைந்தது. வால் மெல்ல மேலே வந்தது. மிதவை இரண்டும் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடின... ஓடின... சட்டென்று தண்ணீர் பிடியை விட்டுவிட்டது. எழும்பிவிட்டது!

"அன்னைக்கு மூக்குல கனம் பத்தலடா மாப்ள! அம்புட்டுத்தான்!" என்று சேரைத் தட்டிக்கொண்டு கத்தினார். கனமாவது ஒன்றாவது. பழத்தின் மகிமை. அன்று கரையில் ஆறு ஊர் ஜனம் நின்று பார்த்தது.

அடுத்து அவர் பழத்தை எடுத்துவிட்டு, அதே எடைக்குத் தூண்டில் ஈயக்குண்டு வைத்தார். அதற்கும் பறந்தது. அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

அப்புறம் ஒரு நாள் கரையில் அவரை இறக்கிவிட்டதும், "மாப்ள, நீ போய் டீ குடிச்சிட்டு வா" என்றார்.

"இருக்கேன் மாமா."

"அட, போய்யாங்குறேன்."

போனேன். டீக்கடையிலிருந்து கண்மாய் தெரியாது, கரை மறைத்துவிடும். கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் கரைக்கு மேலே இறக்கை தெரிந்தது... ஒருமுறை சாய்ந்து திரும்பி, மோட்டார் நின்று, அப்படியே மிதந்தது.

ஆறிய டீயைக் குடித்தேன். அது இறங்கும்வரை அந்தப் பக்கம் போகவில்லை.

போனபோது கிளைடர் அவர் காலடியில் தண்ணீரில் நின்றது. ஊன்றுகோலால் இழுத்துக்கொண்டிருந்தார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஒன்னைய நான் தேடவே இல்ல, மாப்ள."

அடக்கம் இன்று சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு. வண்டி இல்லாதவர்கள் சொல்லுங்கள், நான் வந்து ஏற்றிக்கொள்கிறேன்.

சலாம் மாமா.