செல்லியம்மாளின் குப்பைக் கேணி

செல்லியம்மாள் தென்னேரிக்காரி. ஏரித் தண்ணீரில் நெல் விளைந்த வீட்டில் பிறந்தவள். அவளைக் கட்டிக்கொண்ட பரசுராமனுக்குப் பெரிய காஞ்சிபுரத்தில் வாடகை சைக்கிள் கடை. கடைக்கு நடந்து போகிற தூரத்தில் இருக்கட்டும் என்று அவன் பிடித்து வைத்த வீடு, பட்டு நெசவுக்காரர் தெருவுக்கு நட்டநடுவில் இருந்தது. தெருவில் எந்த வாசலில் நின்றாலும் தறிச் சத்தம் கேட்கும். இவர்கள் வீட்டில் மட்டும் கேட்காது. ‘தறி இல்லாத வீடு’ என்றே அதற்குப் பெயர் விழுந்துவிட்டது. தபால்காரர்கூட அப்படித்தான் கேட்டுக்கொண்டு வருவார்.

அது அவளுக்குக் கொஞ்சம் குறையாகத்தான் இருந்தது. ஆனால் அதைவிட அவளை உறுத்தியது தெருமுனைக் குப்பைமேடு. காய்கறித் தோல், ஊசிப்போன குழம்பு, எச்சில் இலை எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். முனிசிபாலிட்டி மாட்டுவண்டி மனசு வந்தால் வரும். அறுபதுகளின் அரிசிப் பஞ்சத்தில் ரேஷன் கடை வாசலில் கால் கடுக்க நின்று இரண்டு மூன்று வருஷம்கூட ஆகவில்லை. அதே ஊரில் தின்றதில் மிஞ்சியது இப்படி யாருக்கும் உதவாமல் நாறிக் கிடப்பதைப் பார்த்தால் அவளுக்கு வயிறு எரியும். அவள் பிறந்த வீட்டில் எருக்குழிக்கு அத்தனை மரியாதை. பெண் கொடுக்க வருகிறவர்கள் கூடத்தைப் பார்ப்பதற்கு முன்னால் குழியை எட்டிப் பார்ப்பார்கள். குழி நிறைந்திருந்தால் நல்ல குடித்தனம் என்று அர்த்தம். அப்படிப்பட்ட வீட்டுப் பெண் முறத்தில் குப்பையை ஏந்திக்கொண்டு தெருமுனைக்கு நடப்பதாவது!

கொல்லையில், வீட்டுச் சொந்தக்காரர் கிணற்றுக்கு வாங்கி மிச்சப்பட்ட, வளையம் வளையமான சுட்ட மண் உறைகள் சில கிடந்தன. ஒன்றைப் பாதி ஆழத்துக்குப் புதைத்தாள். அதன்மேல் இன்னொன்றை ஏற்றினாள். அடியில் வெறும் மண், மேலே மூடத் தகரம், தகரம் பறக்காமல் இருக்க உடைந்த அம்மிக்கல். சாயங்காலம் வந்த பரசுராமன் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

“இன்னாமே இது, பூமிக்கு மேல கேணி?”

“குப்பைக் கேணி. மேல போட்டா அடியில எருவா வரும். சிரிக்காத, பூசணி காய்க்கும்போது பாரு.”

அவன் சிரித்தான். மறுநாள் சைக்கிள் கடையில் சொல்லியும் சிரித்தான். ஒரே வாரத்தில் ‘குப்பைக் கேணி’ தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.

அதில் அவளுக்கு முதலில் கூட்டுச் சேர்ந்தவள் பக்கத்து வீட்டுத் தில்லையம்மாள். புருஷனும் பெண்டாட்டியுமாகத் தறியில் உட்காருகிற குடும்பம். அந்தத் தெருவின் வழக்கம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் பட்டு இழைகளை விடியற்காலையில் தெருவின் நீளத்துக்குப் பாவாக நீட்டி, இரண்டு முனையிலும் முளையடித்துக் கட்டி, நீர்த்த சோற்றுக் கஞ்சியைத் தடவி, வெயில் ஏறுவதற்குள் உலர்த்தி எடுத்துவிடுவார்கள். தறி இல்லாவிட்டால் என்ன, செல்லியம்மாள் போட்ட கோலத்துக்குப் பக்கத்திலும் பட்டு நீண்டு கிடக்கும். அதைப் பார்த்துக்கொண்டே பல் விளக்குவது அவளுக்குப் பெருமையாக இருந்தது. வாசலில் பாவு நீண்ட வீடு லட்சுமி வந்த வீடு என்பது அந்தத் தெருப் பெண்களின் நம்பிக்கை. அவளும் அதை நம்பினாள்.

பாவுக்குக் காய்ச்சிய கஞ்சி சட்டியில் எப்போதும் மிஞ்சும். அது வரைக்கும் அது சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது.

“செல்லி, இதையும் உன் கேணியில ஊத்தட்டுமா?” என்று தில்லையம்மாள் சட்டியோடு வந்து நின்றாள்.

“ஊத்துக்கா. அன்னம் சாக்கடைக்குப் போவக்கூடாது.”

நல்ல மனசோடு சொன்ன சொல்தான். ஆனால் அங்கேதான் தப்பு நடந்தது. தென்னேரியில் வடித்த கஞ்சி மாட்டுத் தொட்டிக்குப் போகும். அவள் அப்பாவின் எருக்குழி ஒரு நாளும் கஞ்சியைக் கண்டதில்லை. மாடு இல்லாத வீட்டில் அந்த ஞாபகம் அவளுக்கு வரவே இல்லை. தில்லையம்மாளைப் பார்த்து மற்ற பெண்களும் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். செல்லியம்மாள் வாயெல்லாம் பல்லாக எல்லாவற்றையும் வாங்கி ஊற்றினாள்.

கேணி புளித்தது. பிறகு நாறியது. தகரத்தைத் தூக்கினால் ஈ கருமேகமாகக் கிளம்பியது. இன்னும் கொஞ்ச நாளில் அடங்கிவிடும் என்று அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

அடங்கவில்லை. ஒரு நாள் காலையில் எதிர்வீட்டுக் குமாரவேல் சந்தன நிறத்தில் ஒரு பாவு நீட்டியிருந்தார். கல்யாணத்துக்குச் சொல்லி நெய்கிற புடவை. அந்தத் தெருவில் நாலு பேர் கூடி ஒன்றைத் தீர்மானிக்க வேண்டுமென்றால் முதலில் அவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள். ஈரக் கஞ்சியின் வாசனைக்குக் கொல்லையிலிருந்த ஈயெல்லாம் வாசலுக்கு வந்துவிட்டது. உலர்ந்த பாவைச் சுருட்டப் போனபோது, செல்லியம்மாள் வாசலுக்கு நேராக இருந்த இழைகளில் கடுகு தெளித்த மாதிரி கறுப்புப் புள்ளிகள்.

குமாரவேல் கத்தவில்லை. அவளைக் கூப்பிட்டுப் பாவைக் காட்டினார்.

“இன்னாமா இது? கொல்லையில கலீஜை வெச்சிக்கினு பட்டுத் தெருவுல குடித்தனம் பண்ண முடியுமா? இன்னைக்கே மூடிடு.”

தப்பு தன்னுடையது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் கேணியை மூட மனசு வரவில்லை.

“பாவு கெட்டது என் தப்புதாண்ணா. ஆனா கேணியை மூட மாட்டேன். நாத்தத்தை நிறுத்திக் காட்டறேன்.”

“நீ காட்டற வரைக்கும் பட்டு காத்துக்கினு இருக்காதும்மா. உன் வாசல்ல இனிமே பாவு வராது.”

சொன்னபடியே செய்தார்கள். மறுநாளிலிருந்து தெற்கேயிருந்து வந்த பாவு தில்லையம்மாள் வாசலோடு நின்றது. வடக்கேயிருந்து வந்தது அடுத்த வீட்டோடு நின்றது. நடுவில் அவள் வாசல் மட்டும் பல் விழுந்த வாய் போலக் கிடந்தது. தறி இல்லாத வீடு என்று சொன்னபோதெல்லாம் வலிக்காத வலி அவளுக்கு இப்போது வலித்தது. கோலத்தைச் சிறியதாகப் போட்டுவிட்டு உள்ளே போய்விடுவாள்.

“மூடித் தொலையேன்மே. இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு?” என்றான் பரசுராமன்.

“மூடிட்டா, அவுங்க சொன்னது சரின்னு ஆயிடும். குப்பைன்னா நாறத்தான் செய்யும்னு ஆயிடும். எங்கப்பன் குழி நாறினதே கிடையாதுய்யா!”

அதைச் சொல்லும்போதே அழுதுவிட்டாள். அழுகையில் பாதி கோபம்.

அவளுக்கு விடை கிடைத்த இடம் அந்தப் பாவேதான். ஒரு காலை தில்லையம்மாள் தன் புருஷனை விரட்டிக்கொண்டிருந்தாள்: “தேச்சு ஒணத்துய்யா, சீக்கிரம்! ஈரம் நின்னா ஈ வந்து குந்தும்.” வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த செல்லியம்மாள் துடைப்பத்தோடு அப்படியே நின்றுவிட்டாள். பட்டை நாள்தோறும் ஈயிடமிருந்து காப்பாற்றுகிற இந்த ஜனங்கள் செய்வது அது ஒன்றுதானே, ஈரத்தை நிற்கவிடாமல் பார்த்துக்கொள்வது! அப்பாவின் குழி அவள் கண்ணுக்கு முன்னால் வந்தது. ஒரு கூடை சாணம் விழுந்தால் அதன்மேல் வைக்கோல் கூளம், சருகு, ஒரு கை மண். அங்கே கூளத்துக்குப் பஞ்சமில்லை. அதனால் அது ஒரு வேலையாகவே அவளுக்குத் தோன்றியதில்லை. இங்கே அவள் வெறும் ஈரத்தின்மேல் ஈரத்தைக் கொட்டிக்கொண்டிருந்தாள்.

அமாவாசை வரைக்கும் பொறுத்தாள். அன்றைக்கு அந்தத் தெருவில் தறி ஓடாது, பாவும் நீளாது. மூக்கில் முந்தானையைக் கட்டிக்கொண்டு கேணியை அடி வரைக்கும் வாரிப்போட்டாள். தறி செய்கிற ஆசாரி பட்டறையில் மரத்தூளும் இழைப்புச் சுருளும் மலையாகக் கிடந்தன. பரசுராமன் அதைச் சாக்கில் கட்டிச் சைக்கிளில் கொண்டுவந்தான். கூடவே செக்குக்காரரிடமிருந்து வேர்க்கடலை ஓடு. அடியில் கடலை ஓடு, மேலே அழுகல், அதன்மேல் மரத்தூள், அதன்மேல் மண் என்று வரிசையாகத் திருப்பிப் போட்டாள். முழங்கை வரைக்கும் நாறியது. பரசுராமன் இந்தத் தடவை சிரிக்கவில்லை. கேட்காமலே குடம் குடமாகத் தண்ணீர் இறைத்து ஊற்றிக் கொல்லையைக் கழுவிவிட்டான்.

பிறகு வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். கஞ்சி இனிமேல் கேணிக்கு வேண்டாம், தெருக்கோடியில் எருமை கட்டியிருக்கிற பொன்னியம்மாள் காலையில் வந்து வாங்கிக்கொள்வாள். தோலும் தண்டும் கொடுத்தால் போதும். கேணியை இனிமேல் அமாவாசை அன்று மட்டுமே கிளறுவது. குமாரவேல் வீட்டு வாசலிலும் நின்று இதைச் சொன்னாள். அவர் தறியிலிருந்து எழுந்திருக்கவில்லை. “ம்” என்றார், அவ்வளவுதான்.

ஈ போனது. நாற்றமும் போனது. பாவு மட்டும் திரும்பி வரவில்லை. ஆம்பிளைகள் ஒன்றைச் சொல்லிவிட்டால் அதிலிருந்து இறங்கி வர அவர்களுக்கு ஏணி வேண்டும். செல்லியம்மாள் அதற்காகக் கெஞ்சப் போகவில்லை. மழைக்காலம் முடிந்து கீழ் உறையின் பக்கத்தில் தோண்டியபோது எரு கறுப்பாக, பொலபொலவென்று உதிர்ந்தது. பூசணிக் கொடி கொல்லைச் சுவரைத் தாண்டித் தில்லையம்மாள் வீட்டுக்குள் இறங்கியது. காய்த்ததைத் துண்டு போட்டுத் தெரு முழுக்கக் கொடுத்தாள், எதிர்வீட்டுக்கும் சேர்த்து. பெண்கள் கனகாம்பரச் செடிக்கென்று முறத்தை நீட்டிக்கொண்டு எருவுக்கு வந்தார்கள்.

பிற்பாடு எழுபதுகளில் அந்தத் தெருவில் எத்தனையோ கொல்லைகளில் உறை நின்றது. வெளியூர்ச் சொந்தக்காரர்கள்கூட வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். செல்லியம்மாளுக்கு அதெல்லாம் சந்தோஷம்தான். ஆனால் அவள் காலம் முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பூரித்தது ஒரே ஒரு காலையைத்தான்.

அது ஓர் அமாவாசைக்கு மறுநாள். முந்தின நாள் அவள் கேணியைக் கிளறிக்கொண்டிருந்தபோது குமாரவேல் கொல்லை வழியாக வந்து நின்றிருந்தார். ஒரு பிடி எருவை அள்ளினார். நூலின் பதம் பார்ப்பது போல விரலுக்கு நடுவில் தேய்த்தார். முகர்ந்தார். கையைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். “நல்லாயிருக்குதுன்னு ஒரு வார்த்தை வந்தா இந்த மனுஷனுக்கு வாய் கிழிஞ்சிடுமா?” என்று அவள் அன்றைக்கெல்லாம் பொருமினாள்.

விடிந்ததும் வாசலில் டொக் டொக் என்று சத்தம். கதவைத் திறந்தாள். தெற்குக் கோடியிலிருந்து நீண்டு வந்த பாவு தில்லையம்மாள் வாசலைத் தாண்டி வந்திருந்தது. குமாரவேல் அவள் கோலத்துக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு முளை அடித்துக்கொண்டிருந்தார். பட்டு அதே சந்தன நிறம்.

செல்லியம்மாள் வாசற்படியிலேயே நின்றாள். கையில் காய்கறித் தோல் கிண்ணம் இருந்தது.

“இன்னாமா பாத்துக்கினு நிக்கிற? வந்து இந்த முனையைப் புடி.”

அந்தத் தெருவுக்கு வந்ததிலிருந்து அவளைப் பாவு பிடிக்க யாரும் கூப்பிட்டதில்லை. தறி உள்ள வீட்டுப் பெண்கள் பிடிக்கிற முனை அது. அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டாள்.

“குப்பைக் கையிண்ணா. கழுவிக்கினு வந்துடறேன்.”

“கழுவிக்கினு வா” என்றார் குமாரவேல், முளையிலிருந்து கண்ணை எடுக்காமல். “நீ வந்து புடிக்கிற வரைக்கும் நான் கட்டறதா இல்லை.”