மூன்று முறை வளைந்த கோடு

"செவ்வாய், ஐப்பசி. காலை 5.50. கோடு மூன்றாம் முறையாக வளைந்திருக்கிறது. அதே இடம்." ஓய்வு பெற்ற நாளிலிருந்து நான் விடாமல் எழுதிவரும் நாட்குறிப்பில், ஒரு மழைக்கால வாரத்தில் இப்படி ஒரு வரி இருக்கிறது.

இலுப்பூர் பக்கம், வயல்காட்டை மனையாக்கிய புது நகர் ஒன்றில் வீடு கட்டிக் குடிவந்திருந்தோம். நகர் வாசலிலிருந்து பஸ் நிறுத்தம் வரை, என் காலடிக் கணக்கில் நூற்றெண்பது அடி தூரத்துக்கு நடைபாதை கிடையாது. சாலையோரம் வெறும் மண். லாரி வந்தால் முள்ளுக்குள் ஒதுங்கவேண்டும்.

யார் போடுவது என்பதில்தான் தகராறு. மனை விற்ற கம்பெனியின் மேலாளர், "வாசலுக்கு உள்ள எல்லாம் எங்க பொறுப்புங்க. வெளியில ஒரு கல்லு வச்சா, அப்பறம் ரோடே எங்க தலையிலதான் விழும்" என்றார். ஊராட்சி எழுத்தரோ, "வீடு வித்தவங்க போடட்டும் சார், நாங்க வேணாம்னா சொல்றோம்?" என்றார். குடியிருப்போர் சங்கத்திலும் பணம் எடுக்க யாருக்கும் மனமில்லை. ஒரு தடவை போட்டால் கடைசிவரை நாம்தான் என்று பயம்.

சங்கச் செயலாளர் என்ற முறையில் நான் ஒரு வேலை செய்தேன். நடைபாதை வரவேண்டிய இடத்தை டேப்பால் அளந்து, சுண்ணாம்புத்தூளால் நேர்கோடு போட்டுப் படமெடுத்து, மனுவோடு இணைத்தேன். மறுநாள் விடியற்காலை பார்த்தால், பாதி தூரத்தில் கோடு சாலைப் பக்கமாக வளைந்து, நாலடி போய், திரும்ப நேராகியிருந்தது. நான் போட்ட பகுதி அழிந்திருந்தது. துடைப்பத் தடம் இல்லை.

திருத்தினேன். மறுநாளும் வளைவு. மேலாளர் மீது சந்தேகப்பட்டேன். அவர் சங்கத்தின் மீது. "கொஞ்சங் கொஞ்சமா ரோட்டையே வளைச்சுப் போடப் பாக்குறீங்களா?" என்று சிரித்தார். மறுபடி திருத்தினேன். அன்று இரவு தூறல். காலையில் என் கோடு முழுக்கக் கரைந்திருந்தது. வளைவு மட்டும் காய்ந்த சுண்ணாம்பாகக் கிடந்தது. சுற்றிலும் ஈரமண், ஒரு காலடிகூட இல்லை. அதைத்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை எழுதினேன்.

எதிர்வீட்டுப் பெண் புதுக்கோட்டையில் நர்ஸ். ஆறு மணி பஸ்ஸுக்கு அந்த வழியாகத்தான் போவார். வளைவு வந்ததிலிருந்து அதை ஒட்டியே நடந்தார். "பஸ் வர்ற பக்கம் போகாதீங்கம்மா, உள்ளேயே நேரா நடங்க" என்று நான் பலமுறை சொன்னேன்.

"கோடு அங்கிட்டு ஒதுங்குனா நானும் ஒதுங்கிக்கிறேன் சார். நீங்க அளந்து போட்டும் அது ஒங்க பேச்சக் கேக்கலையே" என்பார்.

அடுத்த இரண்டு நாளும் நல்ல மழை. வெள்ளிக்கிழமை காலை விட்டிருந்தது. அவரை நேராக நடக்கவைத்தே தீருவது என்று நானும் குடையோடு கூடப் போனேன். சுண்ணாம்பு எங்கும் கரைந்து போயிருந்தது. ஆனால் அந்த இடம் வந்ததும் அவர் நின்றார். "வேணாம் சார், இங்கிட்டு வாங்க." நான் கேட்காமல், குடையை ஊன்றி இரண்டு எட்டு முன்னே வைத்தேன்.

சத்தமே இல்லை. குடை ஊன்றிய இடம் மெதுவாக உள்ளே போனது. கூடவே நான் முன்வைத்த காலுக்கடியில் தரையும் தளர்ந்தது. அவர் என் சட்டையைப் பின்னால் கொத்தாகப் பிடித்தார். "குடைய விட்டுருங்க சார், விட்டுருங்க" என்று மெல்லத்தான் சொன்னார். விட்டேன். சற்று நேரம் கழித்து, அடியில் எங்கோ தண்ணீரில் அது விழும் சத்தம் கேட்டது.

எட்டு மணிக்கு மேலாளரும் எழுத்தரும் வந்தார்கள். வயலாக இருந்தபோது தோண்டிய கிணற்றை யாரோ மேலோட்டமாக மூடியிருக்கவேண்டும் என்றார்கள். அன்று யார் பொறுப்பு என்று ஒருவரும் கேட்கவில்லை. வாசலிலிருந்து குழி வரை கம்பெனி, குழியிலிருந்து நிறுத்தம் வரை ஊராட்சி, குழியைச் சுற்றிக் கம்பிவேலி எங்கள் சங்கம். மாதக்கணக்கில் எங்களால் பிரிக்க முடியாத பங்கை அந்தக் குழி பிரித்துக் கொடுத்தது. தைக்குள் கல் பதித்தார்கள். வளைவு இருந்த அதே இடத்தில், அதே அளவுக்குப் பாதை வளைகிறது.

நானும் விடாமல் விசாரித்தேன். பழைய நில அளவைப் புலப்பட நகலில் அந்த இடத்தில் சின்ன வட்டம் ஒன்று தெரிகிறது. அது கிணறா, மைக்கறையா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. கோட்டை வளைத்ததாக எவரும் ஒப்புக்கொள்ளவில்லை. வளைத்தது யார் என்பது இன்றுவரை உறுதியாகவில்லை என்றே குறித்திருக்கிறேன். பாதை யார் பொறுப்பு என்று அத்தனை மாதம் சண்டையிட்ட எங்களில் ஒருவருக்கும், அதன் அடியில் என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லையே என்ற நினைப்பில், கெட்டியாகக் கல் பதித்த பாதையிலும் அந்த வளைவில் என் கால் ஒரு கணம் தயங்கித்தான் நகர்கிறது.